ஒரே பட்ஜெட்டில் மானியத்தைத் தூக்கிய நாடு: நியூசிலாந்து ஆட்டுப் பண்ணைகளுக்கு என்ன ஆனது?

ஒரு ஆளுக்கு 22 ஆடு. 1982-ல் நியூசிலாந்தின் கணக்கு இது. மக்கள்தொகை சுமார் 32 லட்சம்தான். செம்மறி ஆடுகளோ 7 கோடிக்கு மேல். இன்று அங்கே மக்கள்தொகை 53 லட்சத்தைத் தொட்டுவிட்டது. ஆடுகள் இரண்டரைக் கோடிக்கும் கீழே. ஒரு ஆளுக்கு ஐந்துகூட வராது.

நோய் எதுவும் வந்து இந்த ஆடுகள் சாகவில்லை. கம்பளி விலை சரிந்தது, பால் பண்ணைகள் பெருகின, மேய்ச்சல் நிலங்களில் மரங்கள் நட்டார்கள் என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் தொடக்கப்புள்ளி, 1984 நவம்பரில் வாசிக்கப்பட்ட ஒரு பட்ஜெட்.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பட்ஜெட்டை இப்போது ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. அர்ஜென்டினாவில் ஹாவியர் மிலேய் கையில் செயின்சா ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு, 'அரசு செலவை வெட்டுவேன்' என்று பிரசாரம் செய்து 2023-ல் அதிபரானார். 2025 பிப்ரவரியில் அதே மாதிரி ஒரு ரம்பத்தை அமெரிக்க மேடை ஒன்றில் ஈலான் மஸ்க்குக்குப் பரிசாகக் கொடுத்தார். 'அரசு ஒதுங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்' என்ற பேச்சு யூடியூப் பாட்காஸ்ட்டுகள் வரைக்கும் வந்துவிட்டது. 'இதெல்லாம் நடைமுறையில் சாத்தியமா?' என்று யாராவது கேட்டால், இந்தத் தரப்பு நீட்டும் முதல் உதாரணங்களில் ஒன்று நியூசிலாந்து விவசாயம்.

அந்த உதாரணம் பொய்யில்லை. ஆனால் அதை வெட்டித்தான் சொல்கிறார்கள். வெட்டிப்போட்ட பகுதியில்தான் விஷயமே இருக்கிறது.

லிபர்டேரியன்கள் என்ன சொல்கிறார்கள்?

சுருக்கமாக இதுதான்: உங்கள் உழைப்பும் சொத்தும் உங்களுடையது. போலீஸ், நீதிமன்றம், ராணுவம் போன்ற சில வேலைகளைத் தவிர அரசு தலையிடக் கூடாது. யார் எதை விளைவிக்கலாம், எவ்வளவுக்கு விற்கலாம், எந்த நாட்டுச் சரக்கை வாங்கலாம் என்பதெல்லாம் அரசு முடிவு செய்யும் விஷயமே இல்லை. வரி குறைவாக, வணிகம் தடையில்லாமல் இருக்க வேண்டும். ராஜாஜி 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்' என்று சாடியது நினைவுக்கு வரலாம். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் தூரத்து உறவு.

மானியம் பற்றி இவர்களிடம் ஒரு குறிப்பிட்ட வாதம் உண்டு. மானியம் ஏழைக்கு உதவுவதைவிட, விலையைத்தான் குழப்புகிறது. எதை அதிகம் உற்பத்தி செய்ய வேண்டும் என்பதை வாங்குபவர் சொல்வதற்குப் பதிலாக, பணம் கொடுக்கும் அரசு சொல்கிறது. கடைசியில் யாருக்கும் தேவைப்படாத பொருள் மலைபோலக் குவிகிறது.

1980-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் அப்படித்தான் குவிந்தது, ஆட்டிறைச்சி.

லண்டன் கதவைச் சாத்தியபோது

பல தலைமுறைகளாக நியூசிலாந்து, பிரிட்டனின் தூரத்துப் பண்ணை மாதிரி இருந்தது. ஆட்டிறைச்சி, வெண்ணெய், சீஸ், கம்பளி எல்லாம் கப்பலேறி லண்டன் போகும். 1960-களின் நடுவில்கூட ஏற்றுமதியில் பாதி பிரிட்டனுக்குத்தான். 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. நிச்சயமான சந்தை என்று ஒன்று இனி இல்லை என்றானது. அதே வருஷம் கச்சா எண்ணெய் விலையும் எகிறியது.

'சமாளிக்கலாம்' என்றார் 1975-ல் பிரதமரான ராபர்ட் மல்டூன். நிதித் துறையையும் அவரே வைத்துக்கொண்டார். கட்சி வலதுசாரி, ஆனால் பொருளாதாரத்தின் ஒவ்வொரு திருகையும் தன் கையாலேயே திருகிய மனிதர். ஆடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் சலுகை. புதர்க்காட்டைத் திருத்தி மேய்ச்சல் நிலமாக்கினால் கடன், ஒழுங்காகச் செய்தால் அந்தக் கடனில் ஒரு பகுதி தள்ளுபடி. உரத்துக்கு மானியம். 1978-ல் இறைச்சி, கம்பளி, பால் பொருள்களுக்குக் குறைந்தபட்ச விலை உத்தரவாதம்: உலகச் சந்தையில் விலை விழுந்தால் மீதியை அரசு தரும்.

விவசாயிக்கு மட்டும் செல்லம் என்று நினைக்க வேண்டாம். நாடு முழுக்க இதே கதைதான். 1938-லிருந்தே இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். 1979-ல் பெட்ரோலை மிச்சப்படுத்த, ஒவ்வொரு கார் உரிமையாளரும் வாரத்தில் ஒரு நாள் வண்டி எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. 1982-ல் விலைக்கும் சம்பளத்துக்கும் மொத்தமாகத் தடை போட்டார்கள். வெண்ணெய் வியாபாரத்தைக் காப்பாற்ற, 1970-களின் தொடக்கம் வரை மார்ஜரின் வாங்கவே டாக்டர் சீட்டு தேவைப்பட்டிருக்கிறது.

பணம் யாருக்குப் போனது?

1980-களின் தொடக்கத்தில், பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்குப்படி, சராசரி ஆடு, மாட்டிறைச்சிப் பண்ணையின் வருமானத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அரசு தந்தது.

இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம். ஏனென்றால் லிபர்டேரியன்கள் சொல்வதிலேயே வலுவான வாதம் இதுதான்.

ஒரு பண்ணை வருஷத்துக்கு 10,000 டாலர் சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரசு மேலே 5,000 தருகிறது. இப்போது அந்தப் பண்ணையை விற்றால் என்ன விலை போகும்? வாங்குபவர் முட்டாளில்லை, 15,000 வருமானம் தரும் நிலத்துக்கு என்ன விலையோ, அதைத்தான் விற்பவரும் கேட்பார். மானியம் அப்படியே நிலத்தின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பலன் பெற்றது, விலை ஏறிய பிறகு நிலத்தை விற்றுவிட்டுப் போன பெரியவர். அதைக் கடன் வாங்கி வாங்கிய இளம் விவசாயியோ, அரசு தரும் 5,000-ஐ அப்படியே பேங்குக்கு வட்டியாகக் கட்டுகிறார். அவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் மானியம் நின்றால் முதலில் மூழ்குவது அவர்தான்.

எண்கள் கற்பனை. நடந்தது கற்பனையில்லை. 1970-களின் கடைசியில் நியூசிலாந்தில் நில விலை இப்படித்தான் ஏறியது. மேய்ச்சலுக்கே லாயக்கில்லாத செங்குத்தான மலைச்சரிவுகளையும் புல்வெளியாக்கினார்கள். ஆடுகள் பெருகின. விற்காத இறைச்சியை உருக்கிக் கொழுப்பாகவும் உரமாகவும் மாற்றும் அளவுக்கு நிலைமை போனது. வரிப்பணத்தில் ஆடு வளர்த்து, அதை உரமாக்கி... சரி, விடுங்கள்.

வெட்டியது இடதுசாரிக் கட்சி

1984 ஜூன் 14 இரவு, மல்டூன் திடீரென்று தேர்தலை அறிவித்தார். குடித்துவிட்டுத்தான் பேசினார் என்பது டிவி பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 14 அன்று தோற்றார். நாணயத்தின் மதிப்பு குறையப்போகிறது என்று கணித்தவர்கள் ஏற்கெனவே நியூசிலாந்து டாலரை விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்நியச் செலாவணி கரைந்தது. தோற்ற மல்டூன், ஜெயித்தவர்கள் கேட்டபடி மதிப்பைக் குறைக்க முதலில் மறுத்து, பிறகு இறங்கிவந்தார். ஜூலை 18 அன்று டாலர் மதிப்பு 20 சதவீதம் குறைக்கப்பட்டது.

புதிய அரசு தொழிலாளர் கட்சியுடையது. பிரதமர் டேவிட் லாங்கி, நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ். தொழிற்சங்கப் பின்னணி கொண்ட கட்சியிலிருந்து வந்தவர், உலக லிபர்டேரியன்களின் நாயகனானது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. அவர் கொள்கைக்கு அவர் பெயரையே ஒட்டி 'ரோஜர்னாமிக்ஸ்' என்றார்கள். நவம்பர் 8 பட்ஜெட்டில் விலை உத்தரவாதத்துக்கும் உர மானியத்துக்கும் முடிவு கட்டினார். மலிவு வட்டிக் கடன்களும் சந்தை வட்டியை நோக்கி நகர ஆரம்பித்தன.

விவசாயிகளின் பெரிய அமைப்பான ஃபெடரேட்டட் ஃபார்மர்ஸ் இதை அடியோடு எதிர்க்கவில்லை. 'எங்களிடமிருந்து எடுக்கிறீர்கள், சரி. மற்றவர்களுக்கு இருக்கும் பாதுகாப்பையும் எடுங்கள்' என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. ஏனென்றால் விவசாயி வாங்கும் டிராக்டர் முதல் டயர் வரை எல்லாவற்றிலும் இறக்குமதி வரி இருந்தது. துறைமுகக் கூலி அதிகம். உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்றும் செலவை ஏற்றுமதி செய்யும் விவசாயிதான் சுமந்துகொண்டிருந்தார்.

முதல் அடி விவசாயிக்கு

சிக்கல் இங்கேதான் வந்தது. டக்ளஸ் பின்னாளில் தந்த விளக்கம் இது: சீர்திருத்தத்தை வேகமாக, மொத்தமாகச் செய்ய வேண்டும், ஒருவர் தன் சலுகையை இழந்தாலும், மற்றவர்கள் சலுகை இழப்பதால் அவருக்கும் பலன் வரும். தாளில் அழகான வாதம்தான். ஆனால் விவசாயியின் மானியம் உடனே போனது. இறக்குமதி வரியும் லைசென்ஸும் படிப்படியாக, வருஷக்கணக்கில் இறங்கின. துறைமுகச் சீர்திருத்தம் 1989-ல்தான் வந்தது. வருமானம் ஒரே நாளில் விழ, செலவு நின்ற இடத்திலேயே நின்றது.

நாணயமும் கைவிட்டது. மதிப்பு 20 சதவீதம் குறைந்தபோது ஏற்றுமதியாளருக்கு நல்ல காலம்தான்: வெளிநாட்டில் அதே விலைக்கு விற்றாலும் உள்ளூர்ப் பணத்தில் 25 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் 1985 மார்ச்சில் டாலரின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கே விட்டார்கள். பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏறவிட்டதால் வெளிநாட்டுப் பணம் உள்ளே பாய்ந்தது, டாலர் மறுபடி ஏறியது. மானியமும் போச்சு, நாணயமும் எதிராகத் திரும்பியது, கடன் வட்டி 20 சதவீதத்தைத் தொட்டது. நில விலை சரிந்தது. பலருக்கு நிலத்தின் மதிப்பைவிட அதன் மேல் வாங்கிய கடன் பெரிதாக நின்றது.

1986-ல் ஆயிரக்கணக்கான விவசாயிகள் வெலிங்டன் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். உரம் போடுவதை நிறுத்தினார்கள், வேலியைப் பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போட்டார்கள், பண்ணை ஆட்களை நிறுத்தினார்கள். நிறைய வீடுகளில் மனைவிமார்கள் டவுனில் வேலைக்குப் போனார்கள். அந்தச் சம்பளத்தில்தான் பண்ணை ஓடியது. இறைச்சி ஆலைகள் மூடப்பட்டன. அரசுத் துறைகளையும் கம்பெனிகளாக்கியதில் காடு, ரயில் வேலைகள் சுருங்கின. 1988 பிப்ரவரி 5 அன்று ஒரே நாளில் 432 தபால் நிலையங்களை மூடினார்கள். பண்ணை தப்பித்தாலும், அதைச் சுற்றியிருந்த சின்ன ஊர் தப்பிக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நாட்டின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியது.

'ஒரு சதவீதம்தான்' என்ற எண்

இப்போது லிபர்டேரியன் கட்டுரைகளில் தவறாமல் வரும் அந்த எண். சுமார் 8,000 பண்ணைகள், அதாவது பத்தில் ஒன்று மூடப்படும் என்று கணித்தார்கள். உண்மையில் கட்டாய விற்பனைக்குப் போனது சுமார் 800. ஒரே ஒரு சதவீதம். 'பார்த்தீர்களா? மானியத்தை எடுத்தால் விவசாயி செத்துப்போவான் என்று பயமுறுத்தினீர்களே!'

எண் சரி. அது எப்படி ஒரு சதவீதத்தில் நின்றது என்பதைத்தான் பலரும் சொல்வதில்லை.

விவசாயக் கடனில் பெரும்பங்கு அரசுக்குச் சொந்தமான ரூரல் பேங்கிடம் இருந்தது. 1986-லிருந்து அந்த பேங்க், மீள வாய்ப்பிருக்கும் பண்ணைகளின் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது. அரசு பேங்க் இறங்கிவந்ததும், கடன் கொடுத்த மற்றவர்களும் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். மீளவே முடியாதவர்களுக்கு, வெளியேற ஒரு தொகை தந்தார்கள். சோற்றுக்கே சிரமப்பட்ட குடும்பங்களுக்கு நலத்திட்ட உதவி கிடைத்தது. சரிந்த சந்தையில் ஆயிரக்கணக்கான பண்ணைகளை ஒரேயடியாக ஏலம் விட்டால் நஷ்டம் தங்களுக்குத்தான் என்பது கடன் கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அதாவது, அரசு முழுசாக ஒதுங்கவில்லை. ஆட்டுக்குக் கொடுத்த பணத்தை நிறுத்திவிட்டு, ஆளுக்குக் கொஞ்ச காலம் கொடுத்தது. இரண்டும் வேறுவேறு. முதலாவது வருஷா வருஷம் நீளும், தேவையில்லாத ஆட்டை உருவாக்கும். இரண்டாவது ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. என் பார்வையில் நியூசிலாந்திடம் கற்க வேண்டியது ரம்பத்தை அல்ல, இந்த வித்தியாசத்தை. அதுவும் 1984-லேயே தயாராக இருந்திருந்தால் அந்த இரண்டு, மூன்று வருஷ வேதனை குறைந்திருக்கும்.

பிறகு என்ன நடந்தது?

லிபர்டேரியன்கள் சொன்னதில் பெரிய பகுதி பலித்தது. மறுக்க முடியாது.

எண்ணிக்கைக்காக ஆடு வளர்த்தவர்கள், தரத்துக்காக வளர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் ஆட்டுக்கு ஏறக்குறைய ஒரு குட்டி என்றிருந்த விகிதம், நூறு ஆட்டுக்கு 125, 130 குட்டி என்று உயர்ந்தது. 1990 வாக்கில் வெட்டி உரித்த ஓர் இளம் ஆடு சராசரியாக 14 கிலோ. இப்போது 18, 19 கிலோ. ஆடுகள் பாதிக்கும் கீழே குறைந்தும் இறைச்சி ஏற்றுமதி அந்த அளவுக்கு விழாததன் ரகசியம் இதுதான். செங்குத்துச் சரிவுகளில் பல மறுபடி காடானது. திராட்சை, கிவி, மான் பண்ணை என்று கிளைகள் விரிந்தன. விவசாயிகளுக்கான அரசு ஆதரவைக் கணக்கிடும் ஓஇசிடி அமைப்பின் பட்டியலில் நியூசிலாந்து பல வருஷங்களாக அடிமட்டத்தில்: பண்ணை வருமானத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

உலக வர்த்தகத்தில் இது அவர்களுக்கு ஒரு தகுதியையும் தந்தது. 1999-ல் அமெரிக்கா ஆட்டிறைச்சி இறக்குமதிக்குக் கூடுதல் வரி போட்டபோது, ஆஸ்திரேலியாவோடு சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2001-ல் ஜெயித்தார்கள். 2008-ல் சீனாவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்ட முதல் வளர்ந்த நாடு நியூசிலாந்துதான். சீனாவின் பால் பவுடர் தேவை, ஆட்டுப் பண்ணைகளைப் பால் பண்ணைகளாக மாற்றியது. 1980-களில் 30 லட்சம் சொச்சமாக இருந்த பால் மாடுகள் 2014 வாக்கில் 67 லட்சம்.

சந்தோஷமான முடிவு மாதிரி தெரிகிறதா? ஆற்றைப் பார்க்கும் வரைக்கும்தான்.

ஆறு கட்டும் பில்

மாட்டின் சிறுநீரிலும் உரத்திலும் இருக்கும் நைட்ரஜன், மண் வழியாக நிலத்தடி நீருக்கும் ஆற்றுக்கும் இறங்குகிறது. தெற்குத் தீவின் கான்டர்பரி சமவெளியில் கிணற்று நீரில் நைட்ரேட் அளவு இன்று அரசியல் பிரச்சினை. மாடும் ஆடும் ஏப்பமாக விடும் மீத்தேனைச் சேர்த்தால், நாட்டின் பசுமைக்குடில் வாயு உமிழ்வில் பாதி விவசாயத்திலிருந்துதான். இந்த உமிழ்வுக்குக் கட்டணம் விதிக்க 2022-ல் ஜெசிந்தா ஆர்டெர்ன் அரசு திட்டம் போட்டது. விவசாயிகள் டிராக்டரில் தெருவுக்கு வந்தார்கள். அடுத்து வந்த கூட்டணி அரசு அதைக் கைவிட்டது.

லிபர்டேரியன் தத்துவத்தின்படியே யோசித்தால்கூட இது இடிக்கிறது. 'உன் சொத்து உன்னுடையது. ஆனால் அடுத்தவருக்குச் சேதம் செய்தால் நீதான் ஈடு கட்ட வேண்டும்' என்பது அந்தத் தத்துவத்தின் அடிப்படை. தன் மாடு அழுக்காக்கும் தண்ணீருக்கு ஒரு பண்ணை காசு கொடுக்கவில்லை என்றால், அந்தச் செலவை வேறு யாரோ ஏற்கிறார்கள். பட்ஜெட் தாளில் வராத மானியம் அது. ரோஜர் டக்ளஸ் 1993-ல் சேர்ந்து தொடங்கிய ஆக்ட் கட்சி, இன்று வெலிங்டன் ஆட்சிக் கூட்டணியில் இருக்கிறது. அதன் தலைவர் டேவிட் சீமோர் 2025-லிருந்து துணைப் பிரதமர். உமிழ்வுக் கட்டணத்தை எதிர்த்த கட்சிகளில் அதுவும் ஒன்று.

மற்ற நாடுகள் ஏன் செய்யவில்லை?

நியூசிலாந்து தன் பால் பொருள்களில் 95 சதவீதம் வரை ஏற்றுமதி செய்கிறது. நாட்டின் முதன்மைத் தொழிலே விவசாயம் என்றால், அதற்கு மானியம் தர வேறு எந்தத் தொழிலின் பணம் இருக்கிறது? தொடர்ந்து தரவே முடியாத நிலை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விவசாயம் பொருளாதாரத்தில் சின்னப் பங்கு. மற்றவர்கள் வரியில் தாராளமாகத் தாங்கலாம், எடுக்கப்போனால் ஓட்டு போகும். மானியத்தை எடுக்கும் துணிச்சல் நியூசிலாந்துக்கு வந்ததில் கொள்கை பாதி, காலி கஜானா பாதி.

இந்தியாவின் கணக்கு இன்னும் விநோதம். உரம், மின்சாரம் என்று மானியம் கொடுத்தாலும், ஓஇசிடி கணக்கில் இந்திய விவசாயிக்குக் கிடைக்கும் மொத்த ஆதரவு மைனஸில் நிற்கிறது. 2022-ல் கோதுமைக்கும், 2023-ல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் போட்டது போன்ற ஏற்றுமதித் தடைகள் உள்ளூர் விலையை அமுக்குவதுதான் காரணம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் அதைவிட அதிகமாக எடுப்பது. மானியத்தைப் பற்றி ராத்திரி முழுக்க விவாதிக்கும் டிவி சேனல்களில் இந்தப் பாதி வருவதே இல்லை.

இரண்டு நாடுகளும் 2025 டிசம்பரில் தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சை முடித்ததாக அறிவித்தன. பால் பொருள்களை இந்தியா திறக்கவில்லை. நியூசிலாந்தின் சராசரிப் பால் பண்ணையில் 400 மாடுகளுக்கு மேல். இங்கே பால் ஊற்றுபவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இரண்டு, மூன்று மாடுகள். பால் பொருள்கள் சேராத ஒப்பந்தம் எதற்கு என்று அங்கே வெளியுறவு அமைச்சர் வின்ஸ்டன் பீட்டர்ஸே எதிர்த்தார். சேர்ந்தவற்றில் ஆட்டிறைச்சியும் கம்பளியும் உண்டு. இரண்டுக்கும் இந்தியாவில் வரி பூஜ்யமாகிறது. அந்தக் கம்பளியின் முரட்டு ரகம், சில வருஷங்களாக ஆட்டுக்கு முடி வெட்டும் கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் கிடந்த சரக்கு.